400 சதுர அடியில் குடியிருப்பது எப்படி: மனை பார்ப்பதில் தொடங்கி பால் காய்ச்சும் வரை

அமெரிக்காவில் சிறிய வீடு என்றதும் நினைவுக்கு வருவது, டிரெய்லர் மேல் மரத்தில் கட்டிய குட்டி வீடு. 1990களின் கடைசியில் ஜே ஷேஃபர் என்பவர் 96 சதுர அடியில் அப்படி ஒன்றைக் கட்டிக் குடியேறினார். பிறகு அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. சக்கரம் எதற்கு என்றால், வீடு இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று அங்கே பல ஊர்களில் விதி இருந்தது. சக்கரம் வைத்துவிட்டால் அது வீட்டுக் கணக்கில் வராது, வண்டிக் கணக்கில் போய்விடும். 2018-இல் அங்குள்ள மாதிரிக் கட்டட விதித் தொகுப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்றே தனிப் பிற்சேர்க்கை வந்தது.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசின் நிதியுதவியோடு கட்டும் வீடே 360 சதுர அடிதான். அதனால் யூடியூப்பில் சக்கர வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே அதையே செய்ய நினைப்பதில் அர்த்தமில்லை. நாமக்கல் பக்கத்து அருண் பிரபு ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு அமைத்தார். படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் அதற்குள் அடக்கம். கைத்திறனுக்குக் கும்பிடு போடலாம். குடும்பம் நடத்த முடியாது. இங்கே நான் சொல்லப்போவது தரையில் நிற்கும் வீடு. சுமார் 400 சதுர அடி, இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி அளவில் கட்டினால் பாதிச் செலவு என்று கணக்குப் போடாதீர்கள். 800 சதுர அடி வீட்டுக்கும் ஒரு சமையல் மேடை, ஒரு கழிவறை, ஒரு மோட்டார், ஒரு மீட்டர். 400 சதுர அடிக்கும் அதேதான். செலவு பிடிப்பவை அவை. காலி அறை அல்ல. ஆகவே சதுர அடிக்கு இவ்வளவு என்று பார்த்தால் சிறிய வீட்டுக்குக் கூடவே ஆகும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மனை சிறிதாகப் போதும், கடன் குறையும், கூட்டிப் பெருக்கித் துடைப்பது கால் மணி நேர வேலை, பெயின்ட் அடிப்பது பெரிய விஷயமில்லை. டவுனுக்கு வெளியே 1200 சதுர அடி வாங்கும் பணத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒன்றரை சென்ட் வாங்கலாம் என்றால், என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

யாருக்கு ஒத்துவரும்

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு தனியாக இருக்கும் தம்பதி, புதிதாகக் கல்யாணமானவர்கள், தனியாக வேலைக்குப் போகும் பெண், ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர் — இவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். வயதுக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே மாமியார் என்றால் வேண்டாம். அதே 400 சதுர அடி ஐந்து பேருக்கு நெரிசல். அதை எளிமை என்று அழகுபடுத்திச் சொல்வது, வேறு வழியில்லாமல் அப்படி வாழ்கிறவர்களைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இருவர் என்றால் இன்னொரு கேள்வி. இருவருக்கும் ஒரே நேரத்தில் மீட்டிங் வந்தால் ஒருவர் எங்கே உட்காருவார்? பதில் திண்ணை என்றால், அங்கே ஃபேனும் பிளக் பாயிண்டும் வேண்டும். இதை எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை: மொட்டை மாடியில் சாக்பீஸ்

வரைபடத்தில் 8 அடிக்கு 10 அடி என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. இப்போது இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் முழு அளவில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுவருக்கு இரட்டைக் கோடு. கதவு திறக்கும் வளைவையும் வரையுங்கள். பெரும்பாலும் இடம் போவது அதில்தான். அப்புறம் உங்கள் கட்டிலின் நீள அகலத்தை அளந்து உள்ளே வரைந்து, பீரோ, ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் போடுங்கள். பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா? ஒருவர் அடுப்பில் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் போய்த் தண்ணீர் எடுக்க முடிகிறதா? அந்தக் கோட்டுக்குள் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் நடந்து பார்க்க வேண்டும். கணவர் மட்டும் நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிய வீடுகளில் சமையலறைதான் பலியாகியிருக்கும்.

கூடவே சாமான் பட்டியல். ஒரு வருஷமாகத் தொடாத பொருளைத் தனியாக எழுதுங்கள். சீர்வரிசைப் பாத்திரம், கொலு பொம்மை, பழைய பாடப் புத்தகம், யாரோ கொடுத்த டின்னர் செட். இவற்றைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கொலு பொம்மைக்குப் பரணில் எத்தனை அடி என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் பிறகு சண்டை வராது.

மனை: சாக்கடையைப் பார்த்து வாங்குங்கள்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வீடு 400 சதுர அடி என்றால் ஒரு சென்டில் கட்டிவிடலாமே என்று தோன்றும். முன்னும் பக்கத்திலும் விட வேண்டிய காலி இடம் சேர்ந்தால் முடியாது. எவ்வளவு விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தையும் அந்தப் பகுதியின் வகையையும் பொறுத்தது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்றரை சென்ட், அதாவது 650 சதுர அடிச் சொச்சம், ஓரளவு வசதியான அளவு. விதி கேட்காவிட்டாலும் காலி இடம் விடச் சொல்வேன். சிறிய வீட்டில் வாசலில் கிடக்கும் ஆறடி இடம் ஓர் அறைக்குச் சமம். செருப்பு, சைக்கிள், துணிக்கொடி, சாயங்காலம் உட்காரும் நாற்காலி எல்லாம் வெளியே போனால்தான் உள்ளே மூச்சு விட முடியும்.

எல்லாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், கழிவுநீரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். செப்டிக் டேங்கை எப்படியும் வைத்துவிடலாம். இந்தியத் தரக் குறியீட்டின்படி ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் போதும். பிரச்சினை, அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி. போர்வெல்லுக்கும் அதற்கும் ஐம்பது அறுபது அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். ஒன்றரை சென்ட் மனையில் மூலைக்கு மூலை அளந்தாலும் நாற்பது அடி வராது. பக்கத்து வீட்டு போர்வெல் எங்கே இருக்கிறதோ தெரியாது. ஆகவே இவ்வளவு சிறிய மனை வாங்குவதென்றால் பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் உள்ள தெருவில் வாங்குங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் மூன்று சென்டுக்குக் குறைந்து போக வேண்டாம்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பது எல்லா மனைக்கும் பொது. சிறிய மனையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, பெரிய மனையை இரண்டாக மூன்றாகத் துண்டு போட்டு விற்பது. அந்தத் துண்டுக்குத் தனியாக உட்பிரிவு ஆகியிருக்கிறதா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, உள்ளே போக வழி பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவில் இருக்கும் துண்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது பெரும்பாடு. ஒரு சலுகையும் உண்டு: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சிறிய மனைகள் பலவும் இந்த வரம்புக்குள் வரும்.

அனுமதி

இது முன்போல் அலைச்சல் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனடியாக அனுமதி எடுத்துக்கொள்ளலாம். சுயசான்று என்பதால் பொறுப்பும் உங்கள் தலையில்தான். வரைபடம் ஒன்றும் கட்டடம் ஒன்றுமாக இருக்கக் கூடாது.

சுவர் தின்னும் இடம்

வெளி அளவு 20க்கு 20 என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர அடி. நாலு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் உள்ளே கிடைப்பது பதினெட்டரைக்குப் பதினெட்டரை, 342 சதுர அடி. மீதி 58 சதுர அடி சுவருக்குப் போயிற்று. அதையே 6 அங்குல சாலிட் பிளாக்கில் கட்டினால் உள்ளே 19க்கு 19, 361 சதுர அடி. கூடுதலாகக் கிடைக்கும் 19 சதுர அடி ஒரு நல்ல சாமான் அறை. பெரிய வீட்டில் யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இங்கே ஒவ்வொரு அங்குலமும் பேசும். ஆனால் எல்லாச் சுவரையும் மெலிதாக்கிவிடாதீர்கள். மேற்குச் சுவர் 9 அங்குலமாகவே இருக்கட்டும், வெயிலுக்கு. சுமை தாங்கும் சுவரா, பில்லர் போட்ட கட்டடமா என்பதை இன்ஜினீயரிடம் கேட்டுத்தான் கனத்தை முடிவு செய்ய வேண்டும்.

342 சதுர அடியிலேயே என்ன அடங்கும் என்று பார்ப்போம். ஹால் 10க்கு 12. படுக்கையறை 8க்கு 10. சமையலறை 6க்கு 9. குளியலறையும் கழிவறையும் சேர்ந்து 4க்கு 7. நடுவே மூன்றடி அகலத்தில் ஏழடி நடை. ஒரு சுவர் நெடுக இரண்டடி ஆழத்தில் ஒன்பதடி நீள அலமாரி. கூட்டினால் 321. உள் சுவர்களுக்கு இருபது. சரியாக முடிகிறது. நடை வீண் என்று எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். அந்த நடை இல்லையென்றால் கழிவறைக்கு வழி படுக்கையறைக்குள்ளோ சமையலறைக்குள்ளோ போகும். விருந்தாளி ராத்திரி எழுந்து உங்கள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அப்புறம் யாரும் தங்க வரமாட்டார்கள். (சிலருக்கு அதுவே வசதியாகவும் இருக்கலாம்.)

எல்லாம் ஒரே ஹாலாகத் திறந்த வீடு படத்தில் அழகாக இருக்கும். நம் சமையலுக்கு அது ஆகாது. மிளகாய் தாளித்தால் தலையணை உறை வரை நெடி ஏறும், மிக்ஸி ஓடினால் போனில் பேச முடியாது. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் கதவு கட்டாயம். அது ஸ்லைடிங் கதவாக இருந்தால் திறக்கும் வளைவு மிச்சம்.

வாஸ்துப்படி பார்த்துக் கட்டுகிறவர்கள் சாக்பீஸ் ஒத்திகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைக்கால் போட்ட பிறகு அடுப்படியை அக்னி மூலைக்கு நகர்த்தச் சொன்னால் இந்த அளவில் வீடே மாறிவிடும்.

வெயில்

கான்கிரீட் தளத்தின் கீழ் சிறிய அறை, ஏப்ரல் மாதத்தில் சூளை மாதிரி. கூரையின் சூடு நேரே தலையில் இறங்கும். ஆகவே பணத்தை இங்கே போடுங்கள், டைல்ஸில் குறைத்துக்கொள்ளுங்கள். கூரை உயரம் பத்தடிக்குக் குறையக் கூடாது. பதினோரு அடி என்றால் பரணுக்கும் இடம் கிடைக்கும், சூடான காற்று மேலே நிற்கவும் இடம் கிடைக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல், அதற்கு மேலே கூரையை ஒட்டி சின்ன வெண்டிலேட்டர். மொட்டை மாடியில் தட்டோடு பதித்து வெள்ளை அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய இரண்டு முறைகள் சிறிய வீட்டுக்கென்றே செய்தவைபோல் இருக்கும். ஒன்று, செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவே காலி இடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். இன்னொன்று, ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கிறார்கள். செலவும் குறையும், சூடும் குறையும். ஆனால் இதைச் செய்து பழகிய கொத்தனார் இருந்தால் மட்டும் இறங்குங்கள். உங்கள் வீட்டில் வைத்துப் பழகட்டும் என்று விட வேண்டாம்.

சிலர் கன்டெய்னர் வீடு கேட்கிறார்கள். 20 அடி கன்டெய்னரின் உள் அகலம் ஏழே முக்கால் அடிக்கும் கீழே. வெயில் தடுப்புக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்தால் ஏழு அடிதான் மிஞ்சும். கட்டிலைக் குறுக்கே போட்டால் கால் இடறும். தோட்டத்து வீடாகவோ ஆபீஸாகவோ இருக்கட்டும். நம் வெயிலில் குடியிருக்க நான் சொல்லமாட்டேன்.

அடுப்படியும் குளியலறையும்

இரண்டும் ஒரே சுவரை நடுவில் வைத்து முதுகோடு முதுகு ஒட்டி இருக்கட்டும். குழாய் நீளம் குறையும், கசிந்தால் தேடுவதும் சுலபம். குழாய்களைச் சுவருக்குள் புதைப்பதைவிட வெளிப்புறமாக, கை எட்டும் இடத்தில் விடுங்கள். டோக்கியோவில் 1972-இல் கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 குட்டி அறைகள், ஒவ்வொன்றும் பத்துச் சதுர மீட்டர். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அறைகளைக் கழற்றி மாற்றுவதாகத் திட்டம். ஒருமுறைகூட மாற்றவில்லை, பழுது முற்றி 2022-இல் பிரித்தெடுத்தார்கள். இடத்தை அவ்வளவு நெருக்கிக் கணக்குப் பார்த்த கட்டடம்கூடப் பராமரிப்பில்தான் தோற்றது.

சமையல் மேடை ஆழம் இரண்டடி, எதிர்ச் சுவரில் ஓரடி அலமாரி, நடுவே நிற்க மூன்றடி. ஆறடி அகலம் இப்படித்தான் வருகிறது. கேஸ் சிலிண்டரை வெளியே கூண்டில் வைத்துக் குழாய் மூலம் உள்ளே கொண்டுவந்தால் மேடைக்குக் கீழே ஓர் அரிசி டின் அளவு இடம் மிச்சம். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புக்கு நேர் மேலே வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் நெடி ஹாலைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும்.

குளியலறையில் ஈரப் பகுதியையும் காய்ந்த பகுதியையும் பிரிக்க ஒரு சின்னத் திட்டு போதும். கண்ணாடித் தடுப்பெல்லாம் நாலடி அகலத்தில் முழங்கையில் இடிக்கும். மழைக்காலத்துக்குத் துணி காயப்போட வழி யோசித்தீர்களா? ஐப்பசி கார்த்திகையில் ஈரத்துணியை ஹாலில் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டால் வீடு முழுக்கப் பூஞ்சை வாடை. திண்ணைக்கு மேலே நாலடி சன்ஷேடு நீட்டி, அதன் கீழ் கயிறு இழுத்து ஏற்றும் கொடி மாட்டுங்கள்.

சாமான் வைக்க

பரண் பெரிய வரம். சமையலறை, நடை, குளியலறை மூன்றின் தலைக்கு மேலும் ஏழடி உயரத்தில் பரண் போடலாம். ஹாலிலும் படுக்கையறையிலும் வேண்டாம், தலைமேல் சுமை ஏறினாற்போல் இருக்கும். பரணுக்குக் கதவு வையுங்கள், இல்லையென்றால் மூட்டை முடிச்சு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். கட்டில் பெட்டிக் கட்டிலாக இருக்கட்டும். ஹைட்ராலிக் மூடி உள்ளது நல்லது; இழுப்பறை வகைக்கு முன்னால் இரண்டடி காலி இடம் வேண்டும், அது நம்மிடம் இல்லை. ஸ்டீல் பீரோவைக் கொண்டுபோகாதீர்கள். சுவர் அலமாரி இருக்கும்போது அது இடத்தை அடைக்கும் தகரம். பாட்டி கொடுத்த பீரோ என்றால் அது வேறு பேச்சு; அதற்கும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர், கரண்ட்

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். 400 சதுர அடிக் கூரை என்பது 37 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 37 லிட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. பெய்யும் ஊரில் 33,000 லிட்டர் விழும். இருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 7,300 லிட்டர்தான். வடிகட்டித் தொட்டியில் பிடித்தால் கேன் தண்ணீர் வாங்க வேண்டாம்.

கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, எல்.இ.டி. விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் சுற்றி வரும். முதல் 100 யூனிட் இலவசம். இதற்குப் போய் சோலார் போடுவது வீண். ஏ.சி. வைத்து ராத்திரி முழுக்க ஓட்டினால் 500 யூனிட்டைத் தாண்டி கட்டண விகிதமே மாறும். அப்போது ஒரு கிலோவாட் சோலார் யோசிக்கலாம். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. நூறு சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும்.

கொத்தனாரிடம் பேசும்போது

சதுர அடி ரேட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறிய வீட்டை அந்த ரேட்டில் எடுத்தால் தனக்குக் கட்டாது என்று ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். அதனால் கடைக்கால் முடிந்ததும் எக்ஸ்ட்ரா என்று ஒவ்வொன்றாக வரும்: பரண் எக்ஸ்ட்ரா, திண்ணை எக்ஸ்ட்ரா, தொட்டி எக்ஸ்ட்ரா. வேலைவாரியாக எழுதி வாங்குங்கள். எத்தனை அடி பரண், எந்த ஜன்னல், எத்தனை பாயிண்ட், எந்தக் கம்பி என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று பேரிடம் வாங்கினால் எங்கே யார் ஏற்றியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக மாடி. இன்று இருவர் போதும், நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. வாடகைக்கு விடவோ, திரும்பி வரும் பிள்ளைக்கோ மேலே ஒரு வீடு தேவைப்படலாம். கடைக்கால் போடும்போதே ஒரு மாடியைத் தாங்கும்படி போட்டுவிடுவது பிறகு பலப்படுத்துவதைவிட மிகக் குறைந்த செலவு. படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வையுங்கள், அதன் அடியில் மோட்டாரும் மீட்டரும் செருப்பு ஸ்டாண்டும் போகட்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே பில்லர் கம்பிகளை நீட்டி விடுவதாக இருந்தால் சிமென்ட் பூசி மூடி வைக்கச் சொல்லுங்கள். நாலு மழைக்காலம் நனைந்து துருப்பிடித்த கம்பியை நம்பி மாடி எழுப்ப எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போடமாட்டார்.